எஞ்சின் இல்லாத டாட்சன்

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் பெயின்டர் அய்யம்பெருமாளைத் தெரியாத லாரிக்காரர் கிடையாது. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளில் பாதிக்கு அவர்தான் நிறம் அடித்தவர், நம்பர் எழுதியவர். நல்ல மனுஷன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சொன்ன தேதிக்கு வண்டியை இறக்கிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு வியாதி இருந்தது. அடுத்தவன் கைவேலை அழகாக இருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒருமுறை சேலத்து லாரி ஒன்று டயர் மாற்ற அவர் கொட்டகை எதிரே நின்றது. அதன் நெற்றியில் எவனோ எழுதியிருந்த 'முருகன் துணை' கண்ணைப் பறித்தது. லாரி கிளம்புகிற வரை அய்யம்பெருமாள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போன பிறகு, "முருகனுக்குச் சுழி கோணியிருக்கு" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடும். அய்யம்பெருமாளுக்கு இருபத்து நாலு வயதானபோது ஒரு லாரி முதலாளி, "பெயின்டரே, வாங்க" என்றார். அந்த 'ங்க'வை அவர் பிரஷ்ஷால் சம்பாதித்தார். அதை இன்னொருத்தனோடு பங்கு போட்டுக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

மாமியார் வீடு மீன்சுருட்டியில். மூத்த மகள் செங்கமலத்தைக் கட்டியவர் என்பதால் நாலு வருஷம் அங்கே அவர் வைத்ததே சட்டம். அதன் பிறகு இளையவள் மலர்க்கொடிக்கு மாப்பிள்ளை வந்தான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடிகாரக் கடையில் கூலிக்கு ரிப்பேர் பார்க்கிற அங்கமுத்து. ஒல்லி உடம்பு, மெல்லிய பேச்சு. முதல் முறை விருந்துக்கு வந்தபோதே, மூன்று வருஷமாகப் பரணில் கிடந்த அலாரம் கடிகாரத்தை எடுத்துப் பிரித்துச் சாப்பாடு ஆறுவதற்குள் ஓடவிட்டுவிட்டான். மாமியார் காத்தாயி அதைக் காதில் வைத்துப் பார்த்து, "சின்ன மாப்ள கைக்கு என்ன வேணாலும் குடுக்கலாம்" என்றாள். அன்றைக்குப் பிடித்தது அய்யம்பெருமாளுக்கு வயிற்றெரிச்சல்.

அந்த எரிச்சலுக்கு எண்ணெய் வார்த்தவன் மச்சான் ராசாங்கம். இரண்டு பெண்களுக்கும் தம்பி. சிங்கப்பூரில் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம் லீவில் வந்தவன், இரண்டு அக்கா புருஷன்களையும் மீன்சுருட்டிக்கு வரச்சொல்லி, நடுக்கூடத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தான். ஒன்று நீலம், பெரியது. இன்னொன்று சிவப்பு, அதில் பாதிதான் இருக்கும். இரண்டிலும் ஒரே காரின் படம். நீண்ட மூக்கும் சரிந்த முதுகுமாக ஜப்பான்காரனின் டாட்சன், பந்தயத்தில் ஓடுகிற கார்.

"மாமா, நான் வேல பாக்குற பட்டறையில பெரிய பெரிய கட்டடம், கப்பலு எல்லாத்தையும் சின்னதா செஞ்சு குடுக்குறோம். கம்பெனிக்காரன் கட்டுறதுக்கு முன்னால மேசையில வச்சுப் பாத்துக்குவான். மொதலாளிக்கு இன்னும் ஒரு ஆளு வேணுமாம். கை சுத்தமான ஆளா இருக்கணும்னாரு. எங்க அக்கா வூட்டுக்காரங்க ரெண்டு பேருமே கைவேலக்காரங்கதான்னேன். அப்ப ஆளுக்கு ஒண்ணு செய்யச் சொல்லு, நல்லா இருக்குறத எடுத்துக்கிட்டு வா, செஞ்சவனுக்கு வேல பெர்மிட் போடுறேன்னுட்டாரு. உள்ள எல்லாம் துண்டு துண்டா இருக்கும். ஒட்டி, பெயின்ட் அடிச்சு முடிக்கணும். ஆயுத பூஜை கழிஞ்சதும் கெளம்புறேன்."

"ரெண்டு பெட்டியும் வேற வேறயா இருக்கே?" என்றார் அய்யம்பெருமாள்.

"வண்டி ஒண்ணுதான் மாமா. செஞ்ச கம்பெனி வேற. கடையில கம்பெனிக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. ரெண்டு கம்பெனிக்கும் அங்க ஒரே போட்டி."

காத்தாயி உள்ளேயிருந்தே சொன்னாள்: "மூத்தவரு மொதல்ல எடுக்கட்டும்."

அதுதான் முறை. பந்தியில் முதல் இலை, தீபாவளிக்கு முதல் வேட்டி, எல்லாம் மூத்த மாப்பிள்ளைக்கு. அய்யம்பெருமாள் இரண்டையும் தூக்கிப் பார்த்தார். நீலப்பெட்டி கனத்தது. அதன் ஓரத்தில் மோட்டாரும் இரண்டு பேட்டரியும் படம் போட்டிருந்தது. ஓடுகிற வண்டி! யோசிக்கவே இல்லை. நீலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

பெட்டிகளைத் திறந்ததும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது.

அவருடையதில் முப்பது பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கலாம், எல்லாம் தடித்தடியாக. கதவு என்று ஒன்று தனியாகக் கிடையாது, உடம்பிலேயே கோடு கிழித்து விட்டிருந்தார்கள். முன்மூடி திறக்காது. திறந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மோட்டார். சீட்டுக்கு அடியில் பேட்டரி என்பதால் சீட்டே பலகை மாதிரி தட்டையாக இருந்தது. அங்கமுத்துவின் பெட்டியிலோ நூற்றுக்கு மேல் துண்டுகள். கதவு திறக்கும், முன்மூடி திறக்கும். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவு காற்றாடியோடு முழு எஞ்சின். ஸ்டியரிங் வைக்கிற பலகைகூட இரண்டு இருந்தது, இடதுபக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு ஒன்று, வலதுபக்கம் ஓட்டுகிற நாட்டுக்கு ஒன்று.

"நம்மூருக்கு வலதுதான்" என்று அங்கமுத்து தனக்குள் சொல்லிக்கொண்டு, நிமிர்ந்து, "அண்ணே, உங்க வண்டி ஓடுமே! என்னுது சும்மா நிக்கிற வண்டிதான்" என்றான்.

அவன் உண்மையாகவே ஏங்கித்தான் சொன்னான். அய்யம்பெருமாளுக்கு அது குத்திக்காட்டுவது போல இருந்தது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் திரும்பும்போது செங்கமலத்திடம், "உன் தம்பி தெரிஞ்சேதான் அவனுக்கு நல்லத வாங்கியாந்திருக்கான்" என்றார்.

"நீங்கதானே மொதல்ல எடுத்தீங்க?" என்றாள் அவள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிங்கப்பூர் போக அவருக்கு ஆசை இருந்ததா என்றால், அவருக்கே நிச்சயமில்லை. கப்பல், விமானம் என்றாலே பயப்படுகிற ஆள். ஆனால் அங்கமுத்து போகக்கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவன் போய், கையில் கடிகாரம் மின்ன மீன்சுருட்டிக்குத் திரும்பி வந்து, காத்தாயி அவனுக்கு முதல் இலை போடுகிற காட்சியை அவர் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டார்.

மூன்றே நாளில் வண்டியை ஒட்டி முடித்தார். பேட்டரி போட்டதும் கொட்டகைத் தரையில் விர்ரென்று ஓடிப் போய்ச் சுவரில் இடித்து நின்றது. இனி நிறம்தான். நிறத்தில் அவரை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் உண்டா? கதவு திறந்தால் என்ன, காற்றாடி சுற்றினால் என்ன, பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுவது நிறம். அப்போதுதான் ஒரு லாரிக்கு அடித்து மீந்திருந்த சிவப்பை எடுத்து, நீர்க்கவைக்கத் தின்னர் கலந்து, ஸ்பிரே கன்னில் ஊற்றி, ஒரே சீராக அடித்தார். பளபளவென்று நின்றது. சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், காரின் கூரை காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிக் கிடந்தது. தொட்டார். விரல் உள்ளே போனது. இருபது வருஷமாக இரும்புக்கும் தகரத்துக்கும் அடித்த கை. தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்பது அதற்குத் தெரியாது. பட்டி வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். இன்னும் கோரமானது. துண்டுகளை உடைத்தெடுத்த பிளாஸ்டிக் சட்டம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு பக்கம் லாரி பெயின்டும், ஒரு பக்கம் ஜன்னல் கம்பிக்குப் பூசுகிற எனாமலும் தடவி வைத்தார். லாரி பெயின்ட் பட்ட இடம் இளகியது. எனாமல் பட்ட இடம் கல்லுப்போல நின்றது. ஆக, எது கெடுக்கும், எது கெடுக்காது என்பது அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது. கெட்ட காரை ஒரு சாக்கில் சுற்றி, வீட்டுப் பரணில் செருகி, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெரம்பலூரில் அவன் என்ன செய்கிறானோ என்கிற நினைப்பிலேயே ஒரு லாரியின் நம்பரில் மூன்றை எட்டாக எழுதிவைத்தார். ஒன்பதாம் நாள், வாட்ச்சுக்கு வார் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூருக்கு பஸ் ஏறினார்.

கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அங்கமுத்து கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். "வாங்கண்ணே, உக்காருங்க. நல்ல நேரத்துல வந்தீங்க." மேசைக்கு அடியிலிருந்து ஒரு மிட்டாய்ப் பெட்டியை எடுத்து, பஞ்சை விலக்கினான்.

உள்ளே டாட்சன் இருந்தது. இன்னும் நிறம் அடிக்காத, தந்தம் போன்ற வெள்ளை. ஒட்டிய தடம் எங்கேயும் தெரியவில்லை. அங்கமுத்து கடிகார முள் எடுக்கிற இடுக்கியால் கதவைத் திறந்தான். உள்ளே வலதுபக்கம் ஸ்டியரிங், அதற்குப் பின்னால் கடுகளவு மீட்டர்கள். முன்மூடியைத் தூக்கினான். கரியும் வெள்ளியுமாக வார்த்தே வந்திருந்த எஞ்சின். கடிகாரத்திலிருந்து எடுத்த தலைமயிர் போன்ற கம்பியால் வயர்கூட இழுத்திருந்தான். அய்யம்பெருமாளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. குறை தேடினார். நம்பர் பிளேட், சக்கரம், விளக்கு என்று ஒன்று விடாமல் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அவருடைய வாழ்க்கையில் எந்த லாரியையும் அவர் இத்தனை வெறுத்ததில்லை.

"உங்க வண்டி முடிஞ்சிருச்சாண்ணே?"

"ம். ஒட்டி முடிச்சாச்சு."

"பாத்தீங்களா! இதுக்கும் நிறந்தான் பாக்கி. எனக்கு பிரஷ்ஷு புடிக்கத் தெரியாதுண்ணே. நீங்கதான் அடிச்சுத் தரணும்."

அய்யம்பெருமாள் அவன் முகத்தைப் பார்த்தார். "போட்டிக்குச் செய்யுறோம். எங்கிட்டயே குடுக்குறியே?"

"என்னண்ணே போட்டி? ரெண்டுல எது போனாலும் நம்ம வூட்டு வேலதானே. நிறம்னா உங்கள வுட்டா யாரு இருக்கா?"

அவன் எஞ்சினை மட்டும் மெதுவாகக் கழற்றி, வாட்ச் மூடி போடுகிற சின்ன டப்பாவில் வைத்துக்கொண்டான். "இதுமேல தூசு படக்கூடாது. நானே கடைசியா மாட்டிக்கிறேன்."

பஸ்ஸில் மடியில் பெட்டி. குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி தூக்கிப்போட்ட ஒவ்வொரு முறையும் அய்யம்பெருமாள் பெட்டியை இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கைக்கு அதன் பழக்கம். மனசில் ஓடியது வேறு.

மறுநாள் காலையில் எனாமல் டப்பாவைத்தான் திறந்தார். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் கெட்டவர் இல்லை. பல்லிளிக்காத நல்ல சிவப்பாகத் தேர்ந்தெடுத்து, கலக்கி, மெல்லிய பிரஷ் ஒன்றைக் கழுவியும் வைத்தார். பகல் ஒரு மணிக்குச் செங்கமலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். பலகைமேல் நின்ற காரைப் பார்த்ததும் தூக்கை அப்படியே கீழே வைத்தாள்.

"அய்யே, கதவுகூடத் தெறக்குதே!" ஒரு விரலால் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். "மலரு வூட்டுக்காரரு கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம்ங்க."

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவருடைய கையைப் பற்றி அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது என்பதுதான் அந்தக் கைக்குக் கிடைத்த பாராட்டு. அவர் சாப்பிட்டார். என்ன குழம்பு என்று தெரியாமலே சாப்பிட்டார். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனதும் எனாமல் டப்பாவை மூடி, மேலே சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

லாரி பெயின்டை எடுத்தார். தின்னரை வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகவே விட்டார். எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை அவரே நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

அடித்தார். அரைகுறையாக அடிக்க அந்தக் கைக்குத் தெரியாது. மூக்கிலிருந்து முதுகு வரை ஒரே வீச்சு, ஒரு சொட்டு வடியவில்லை, ஒரு புள்ளி விடுபடவில்லை. ஒரு நிமிஷம், கொட்டகை வெளிச்சத்தில், உலகத்திலேயே அழகான சிவப்பு டாட்சன் அவர் எதிரே நின்றது. பாதி அவன் கை, பாதி இவர் கை. அய்யோ, பாழாக்கிவிட்டோமே என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் கூரை அமுங்கத் தொடங்கிவிட்டது. கதவுகள் பிசின்போல உடம்போடு ஒட்டிக்கொண்டன. அவர் கடைசி வரை நின்று பார்த்தார். வயிற்றில் இருந்த நெருப்பு அணையும் என்று நினைத்தார். அணையவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் காலையில் அங்கமுத்து வீட்டுக்கு வந்தான். எஞ்சின் டப்பா சட்டைப்பையில் இருந்தது. அய்யம்பெருமாள் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். "நான் என்னத்தக் கண்டேன் தம்பி? லாரிக்கு அடிக்கிறதத்தான் அடிச்சேன். அந்தப் பாழாப்போன பிளாஸ்டிக்கு இப்படிப் பண்ணிருச்சு."

அங்கமுத்து பெட்டிக்குள் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒட்டிப்போன கதவை நகத்தால் நெம்பிப் பார்த்தான். மலர்க்கொடியிடம் என்ன சொல்வது என்று யோசித்தானோ என்னவோ.

அப்போது செங்கமலம் உள்ளேயிருந்து வந்தாள். கையில் அந்தச் சாக்கு. அதைப் பிரித்து, நீலப்பெட்டிக் காரை எடுத்து, அங்கமுத்துவின் காருக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி கூரை அமுங்கி, ஒரே சிவப்பில் நின்றன.

"இவரு வண்டியும் இப்படித்தான் ஆச்சு தம்பி" என்றாள். எப்போது ஆச்சு என்று சொல்லவில்லை. அய்யம்பெருமாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பரணில் கிடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகத் தெரியும்?

அங்கமுத்துவின் முகம் அப்படியே மாறியது. "அய்யய்யோ, உங்களுதும் போச்சாண்ணே?" அவர் தோளில் கை வைத்தான். "என்னுத அடிக்கப் போயி உங்களுதையும் சேத்து வுட்டுட்டீங்களா? நான் ஒருத்தன், சொந்தமா அடிக்கத் துப்பில்லாம உங்க தலையில கட்டுனேன். எந் தப்புண்ணே இது. மனச வுட்டுறாதீங்க."

காப்பி குடித்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தவன், ஏதோ ஞாபகம் வந்தவனாகப் பையிலிருந்த டப்பாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "இத நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? உங்க வண்டிக்குத்தான் எஞ்சினே இல்லியே. வச்சுக்கங்கண்ணே."

ராசாங்கம் வெறுங்கையோடு விமானம் ஏறினான். தை மாதம் கடிதம் வந்தது, முதலாளி வேறொரு ஆளை எடுத்துக்கொண்டார் என்று. அங்கமுத்து அதே கடையில் அதே கூலிக்கு உட்கார்ந்திருந்தான். காத்தாயி வீட்டில் முதல் இலை மூத்தவருக்கே விழுந்தது.

அங்கமுத்து வந்துபோன அன்று சாயங்காலமே அய்யம்பெருமாள் செங்கமலத்திடம் கேட்டார். முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார். "உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"பரண்ல முறத்தத் தேடுனப்ப அவுத்துப் பாத்தேன். தின்னர் வாட போவலியே. அதுக்கப்புறந்தானே நீங்க பெரம்பலூர் போனீங்க?" என்றாள். அதற்குமேல் அவள் திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் அவரும் இரண்டு வார்த்தை கத்தி ஆற்றிக்கொண்டிருப்பார்.

மறுநாள் கொட்டகையில் ஆயுத பூஜை. பிரஷ், ஸ்பிரே கன், பட்டித் தகடு எல்லாவற்றையும் செங்கமலம் கழுவி வரிசையாக வைத்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாழையிலையின் நடுவில், அந்தச் சின்ன எஞ்சினை வைத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள்.

"அது எதுக்கு அங்க?" என்றார் அவர்.

"மலரு வூட்டுக்காரரு குடுத்தது. கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும்" என்றாள்.

ஒவ்வொரு வருஷமும் வைக்கிறாள். எடுத்துவிடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, சொன்னால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். அங்கமுத்துவும் வருஷா வருஷம் பொரியும் பழமும் வாங்கிக்கொண்டு பூஜைக்கு வருகிறான். வந்ததும் இலைக்கு முன்னால் குனிந்து, "இன்னமும் பத்திரமா வச்சிருக்கீங்களேண்ணே!" என்று முகமெல்லாம் சிரிக்கிறான். அய்யம்பெருமாள் சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவன்மேல் அவருக்குப் பொறாமை இன்னும் போகவில்லை. அந்த எஞ்சினைப் பார்த்துச் சிரிக்க அவனால் முடிகிறது.